நடுவில் இரண்டு எழுத்து

மணிலாவிலிருந்து தள்ளி, கடலோரத்தில் இருக்கிற எங்கள் வங்கிக் கிளைக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வரும். இங்கிருந்து போகாது. அப்படி ஒரு சட்டம் இல்லை, பழக்கம்தான். ஊரில் வீட்டுக்கு ஒருவர் இத்தாலியில் கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டோ, பெரிய வீடுகளில் தரை துடைத்துக்கொண்டோ இருக்கிறார்கள். அவர்கள் அனுப்புகிற பணத்தில் இங்கே மாடி எழும்புகிறது, தேவாலயத்துக்கு மணி வாங்குகிறார்கள், மச்சினன் வாடகைக்கு ஓட்ட டிரைசைக்கிள் வாங்கி ஆறு மாதத்தில் விற்கிறான். நான் வெளிநாட்டுப் பண மேசையில் உட்கார்ந்து தலை நரைத்தவள். வெளியே அனுப்புவதற்கான படிவக் கட்டு என் மேசையின் கீழ் அறையில் கிடந்தது. அதன் மேல்தான் மதியச் சாப்பாட்டு டப்பாவை வைப்பேன்.

அதனால் ஃபிலெமோன் வந்து நின்று, "பணம் அனுப்பணும் அக்கா" என்றபோது, வழக்கம்போல வந்த பணத்தை வாங்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, "ஒண்ணும் வரலையே மோன்" என்றேன்.

"வர்றத கேக்கல. அனுப்பணும். பெர்லிட்டாவுக்கு."

கதவருகே நின்ற செக்யூரிட்டி இஸ்கோவுக்குக் காது நீளம். துப்பாக்கியைத் தோளில் சரி செய்துகொண்டு இரண்டடி உள்ளே வந்துவிட்டான்.

"என்னப்பா, ஐஸ்காரன் இத்தாலிக்குப் பணம் அனுப்புறானா? உலகம் தலைகீழாப் போச்சு போ."

"நீ கதவப் பாருண்ணே. யாராவது வங்கியத் தூக்கிட்டுப் போயிடப் போறான்" என்றான் ஃபிலெமோன். சொன்னானே தவிர, குரலில் சிரிப்பு இல்லை.

ஃபிலெமோன் மீன் இறங்குதுறை ஐஸ் ஃபாக்டரியில் வேலை செய்கிறான். ரப்பர் பூட்ஸோடுதான் வருவான். நின்ற இடத்தில் ஒரு சின்னக் குளம் தேங்கும். அவன் நீட்டுகிற நோட்டுகள் எப்போதும் நனைந்திருக்கும். பெர்லிட்டா அவன் மனைவி, என் பள்ளித் தோழி. ஒன்பது வருடமாக மிலானில் இருந்தாள். பிள்ளை இல்லை. அவள் அனுப்பிய பணத்தில் அவன் மாடி வைத்து, பால்கனி வைத்து, மஞ்சள் வர்ணம் அடித்து ஒரு வீடு கட்டி, அதில் ஒற்றை ஆளாகக் கீழ்த்தளத்தில் படுத்துக்கொண்டிருந்தான். மேல்தளத்தில் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை.

அவர்களுக்குள் நடந்தது ஊருக்கே தெரியும். ஐஸ் ஃபாக்டரியில் இயந்திர இரைச்சலில் ஃபோன் பேசவே முடியாது. எல்லோரும் ஸ்பீக்கரில் போட்டுக் கத்துவார்கள். புருஷன் பெண்டாட்டி பேச்சைக்கூடப் பத்துப் பேர் கேட்டபடி ஐஸ் உடைப்பார்கள். போன வருடம் மழைக்காலம் தொடங்கியபோது பெர்லிட்டா கூப்பிட்டு, வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். இதோடு மூன்றாவது முறை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், 'உன் பெண்டாட்டிக்கு அங்க வேற வீடு இருக்கும்டா' என்றான். ஃபிலெமோனுக்கு மானம் போய்விட்டது. ஃபோனைப் பார்த்துக் கத்தினான்.

"அப்ப பணத்த மட்டும் அனுப்பு. நீ வராட்டியும் பரவால்ல."

இணைப்பு போனது. அடுத்த மாதம் பணம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அவன் எண்ணை அவள் தடுத்துவிட்டாள். மிலானில் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அவர்களில் ஒருவரிடம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் முழு மிலானுக்கும் தெரியும், சாயங்காலம் எங்கள் சந்தைக்கும் தெரியும். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பூசைக்கு வருவதே இல்லை என்று மட்டும் அரசல்புரசலாகக் கேள்வி.

எங்கள் பக்கத்தில் மனம் கசந்தவர்கள் சண்டை போட மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மற்றவர்தான் போய்க் கெஞ்ச வேண்டும், கொஞ்ச வேண்டும். கையில் எதையாவது கொண்டுபோனால் வேண்டாம் என்று திருப்பி நீட்டுவார்கள்; மறுபடியும் கொண்டுபோய் வைக்க வேண்டும். இது தெரியாதவன் இந்த ஊரில் குடும்பம் நடத்த முடியாது. ஃபிலெமோனுக்கும் தெரியும். ஆனால் அடுத்த தெருவில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தவளிடம் ஒரு கூடை மாம்பழத்தோடு போகலாம். மிலானில் இருப்பவளிடம் எதைக் கொண்டுபோவது?

"யோசிச்சுப் பாத்தேன் அக்கா. நான் பணம்தான் வேணும்னு சொன்னேன்ல. அதான், பணத்த நான் அனுப்புறேன்" என்றான்.

சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி வைத்துவிட்டு அடியிலிருந்து படிவத்தை எடுத்தேன். அதில் குழம்பு வட்டம் இருந்தது.

அவள் முன்பு அனுப்பிய பணத்தின் ரசீது ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதில் அவள் கணக்கு எண் இருந்தது, அவள் வங்கியின் குறியீடும் இருந்தது. பதினோரு எழுத்து. முதல் நான்கு வங்கி, அடுத்த இரண்டு நாடு, அடுத்த இரண்டு ஊர், கடைசி மூன்று கிளை. ஓர் எழுத்து மாறினால் பணம் வேறு கண்டத்தில் போய் நிற்கும். நான் அதை எழுதிவிட்டு, மேலே எங்கள் வங்கியின் குறியீட்டையும் எழுதினேன். ஃபிலெமோன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஈர விரலை வைத்தான்.

"அக்கா, ரெண்டு ஊரும் ஒண்ணாப் போட்டிருக்கீங்க. இங்கயும் எம் எம், அங்கயும் எம் எம்."

"தப்பில்ல. மணிலா தலைமை ஆபீசுக்கும் எம் எம்தான், மிலானுக்கும் எம் எம்தான். அமைஞ்சது அப்படி."

"ஊர் ஒண்ணா?"

"எழுத்து ஒண்ணு. ஊர் ஒண்ணில்ல. கைய எடு, மை கலையுது."

"அப்ப நடுவுல இந்த ரெண்டு எழுத்துதான் வேற" என்றான். பி ஹெச் எங்கள் நாடு, ஐ டி இத்தாலி. "ரெண்டே ரெண்டு எழுத்து."

ஒவ்வொரு நாளும் அந்தக் குறியீடுகளை நூறு தடவை பார்க்கிறேன். எனக்கு ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை. அதற்காக அவன்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "எவ்வளவு அனுப்பப் போற?" என்று அதட்டினேன்.

நூறு யூரோ. அவனுக்கு அது இரண்டு வாரக் கூலி. அனுப்புவதற்கான செலவு தனி. செலவு யார் தலையில் என்பதற்குப் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: அனுப்புகிறவர், பெறுகிறவர், ஆளுக்குப் பாதி. எங்கள் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பாதியில்தான் குறி போடுவார்கள். பெர்லிட்டா மட்டும் ஒன்பது வருடமும் அனுப்புகிறவர் கட்டத்தில்தான் போட்டாள். அவள் அனுப்பியது ஒரு காசு குறையாமல் அவன் கையில் விழும். வழியில் இருக்கிற எந்த வங்கியையும் அதைக் கொறிக்க விட மாட்டாள்.

"நானும் அதுலயே போடுறேன்" என்றான் ஃபிலெமோன்.

"காரணம் எழுதணும். படிப்பு, வைத்தியம், அன்பளிப்பு, குடும்பச் செலவு."

"அவ என்ன போடுவா?"

"குடும்பச் செலவு."

"அதையே போடுங்க."

"இங்கேர்ந்து இத்தாலிக்குக் குடும்பச் செலவா? மேனேஜர் என்னைத்தான் கேப்பாரு."

"குடும்பம் அங்கதான இருக்கு" என்றான். நான் எழுதினேன்.

செய்திக்கென்று கடைசியில் நான்கு சின்ன வரிகள் உண்டு. எல்லோரும் காலியாக விடுகிற இடம். ஃபிலெமோன் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் வரிசை நெளிந்தது. ஒரு பாட்டியம்மாள் விசிறியால் அவன் முதுகில் தட்டினாள். கடைசியில் ஒரே வார்த்தை எழுதினான். 'சாப்பிட்டியா.'

இஸ்கோ எட்டிப் பார்த்துவிட்டு, "இதக் கேக்க ரெண்டு வாரக் கூலியா?" என்றான். "பேசாம நீயே நீந்திப் போயி ஊட்டி விட்டிருக்கலாம்."

நனைந்த நோட்டுகளை நான் மின்விசிறிக்கு அடியில் காய வைத்தேன்.

ஒரு மாதம் பதில் இல்லை. ஃபிலெமோன் தினமும் மீன் லாரி போனபிறகு வங்கி வாசலுக்கு வருவான். உள்ளே வர மாட்டான். கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பான், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன், போய்விடுவான். இஸ்கோ முதல் வாரம் கிண்டல் செய்தான், பிறகு விட்டுவிட்டான். பிறகு அவனே எனக்கு முன்னால் தலையை ஆட்ட ஆரம்பித்தான்.

பிறகு ஒரு நாள் காலையில் திரையில் ஐ டி எம் எம் என்று வந்தது. ஃபிலெமோன் பெயருக்கு நூறு யூரோ.

அவனை உள்ளே கூப்பிட்டேன். தொகையைக் கேட்டதும் முகம் தொங்கிப்போனது.

"நான் அனுப்புனதேதான். போய்ச் சேரல போல. வங்கிக்காரன் திருப்பிட்டான்."

"வங்கிக்காரன் திருப்பினா கூலிய எடுத்துக்கிட்டு மிச்சத்ததான் திருப்புவான். அவன் என்ன உனக்கு மாமனா? இது முழுசா வந்திருக்கு. செலவு அனுப்புனவங்க தலையில." கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன். "அவளே அங்க வங்கிக்குப் போயி, அவளே அந்தக் கட்டத்துல குறி போட்டு அனுப்பியிருக்கா."

"செய்தி?"

"ஒண்ணும் எழுதல."

"அப்ப வேண்டாம்னு திருப்பிட்டா" என்றான்.

"ஏய்யா, கோவிச்சுக்கிட்டுப் போனவ மொத தடவையே வாங்கிக்குவாளா?" என்றான் இஸ்கோ, கதவை விட்டுவிட்டு. "என் பெண்டாட்டி ஒரு தடவ நான் வாங்கிட்டுப் போன லோமி நூடுல்ஸ கிண்ணத்தோட வாசல்ல வச்சுட்டா. அத எடுத்து மறுபடி சூடு பண்ணிக் குடுத்தேன். தின்னாளா இல்லையா? திருப்பித் தர்றவ எங்கயும் போயிடலன்னு அர்த்தம். திரும்ப வையி."

ஃபிலெமோன் அந்த நூறையே திரும்ப அனுப்பினான். இம்முறை செய்தி, 'என்ன சாப்பிட்ட.'

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்த ஆள் எதுக்கு ஒரே தொகைய அனுப்பி அனுப்பி வாங்கறான்? ஃபோன் பண்ணாக் காசு மிச்சமில்ல?" என்றார். அவர் மணிலாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். கல்யாணமும் ஆகவில்லை. நான் விளக்கப் போகவில்லை. கமிஷன் வருகிறது, சும்மா இருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அந்த முறை பதில் சீக்கிரம் வந்தது. நூறு யூரோ, முழுசு. செய்தி வரியில் ஒரே வார்த்தை. 'ரொட்டி.'

சிரிக்காதீர்கள். வயதான பெண் நான், அந்தத் திரையைப் பார்த்து அழுதேன். ரொட்டி என்றால் அவள் சோறு சாப்பிடவில்லை என்று அர்த்தம். குளிரில் தனியாக உட்கார்ந்து அடுத்தவர் வீட்டுக் கிழவியின் மேசையில் மிஞ்சிய ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். இதையெல்லாம் அந்த ஒரே வார்த்தையில் அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். ஃபிலெமோன் அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அன்று அவன் பூட்ஸிலிருந்து ஒழுகிய தண்ணீரைத் துடைக்க வந்த பையனை நான் விரட்டிவிட்டேன்.

"இப்ப எழுதிடறேன் அக்கா. எழுத வேண்டியத."

வீட்டில் எழுதிப் பார்த்துத் துண்டுக் காகிதத்தில் கொண்டுவந்திருந்தான். நான்கு வரிக்குள் அடக்க நானும் அவனும் அடித்து அடித்துத் திருத்தினோம். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பணம் வேண்டாம். நீ இருந்தா போதும். எப்ப வந்தாலும் வா.' அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் குறியீட்டை மூன்று தடவை சரிபார்த்தேன். பதினோரு எழுத்தும் சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் அது திரும்பி வந்தது.

தொகையைத்தான் முதலில் பார்த்தேன். எண்பத்து நான்கு யூரோ. குறைந்திருந்தது. வங்கி திருப்பியிருக்கிறது. காரணம் ஒரு வரியில்: 'கணக்கு மூடப்பட்டது.'

ஃபிலெமோன் கண்ணாடிக்கு வெளியே நின்றான். நான் இல்லை என்றும் தலையை ஆட்டவில்லை, ஆமென்றும் அசைக்கவில்லை. அவன் உள்ளே வந்தான்.

"கணக்க மூடிட்டாங்க மோன்."

"யாரு?"

"கணக்கு வச்சிருந்தவங்கதான் மூடணும். வேற யாரும் மூட முடியாது."

அவனுக்கு அது விளங்க நேரம் எடுத்தது. "நான் எழுதுனது?"

"அதுவும் பணத்தோடயே திரும்பிடுச்சு. அவ கண்ணுக்குப் போகல."

"ஒரு எழுத்துகூடவா?"

"ஒரு எழுத்துகூட."

வெளிநாட்டில் ஒருவர் கணக்கை மூடுவதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். வேறு வங்கிக்கு மாறலாம். வேறு ஊருக்குப் போகலாம். பழைய ஆட்கள் யாரும் தன்னைத் தேடிப் பிடிக்கக் கூடாது என்றும் மூடலாம். இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல என் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் இந்த மேசையில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு எத்தனை ஆசை காட்டி, பிறகு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்திருக்கிறேன். விழுங்கிக்கொண்டேன்.

ஃபிலெமோன் ரசீதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த நடு இரண்டு எழுத்தின்மேல்தான் விரல் இருந்தது.

"இனிமே எங்க அக்கா அனுப்புறது?" என்று கேட்டான்.

இஸ்கோ கதவைத் திறந்து பிடித்தான். ஃபிலெமோன் போனபிறகும் கொஞ்ச நேரம் திறந்தே பிடித்திருந்தான், ஏசிக் குளிர்காற்று எல்லாம் வெளியே போனது.

அதன்பிறகு ஃபிலெமோன் வங்கிப் பக்கம் வரவில்லை. மீன் வாங்கப் போனால் தூரத்தில் ஐஸ் பாளத்தை இழுத்துக்கொண்டு போவது தெரியும். ஃபாக்டரியில் யார் ஃபோனாவது ஸ்பீக்கரில் கத்தினால் எழுந்து வெளியே போய்விடுகிறான் என்று சொன்னார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலை நேரத்திலேயே, வந்தான். பூட்ஸ் போடவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வரிசையையெல்லாம் பார்க்காமல் நேராக என் முன்னால் வந்து பையை மேசைமேல் வைத்தான்.

"பெட்டி வந்திருக்கு அக்கா. மிலான்லேர்ந்து."

எங்கள் ஊரில் பெட்டி என்றால் கப்பலில் இரண்டு மாதம் மிதந்து வருகிற ஆள் உயர அட்டைப்பெட்டி. திறந்தால் சாக்லேட், டின் இறைச்சி, சோப்பு, துண்டு, தெருவுக்கே பங்கு வைக்கிற அளவுக்கு இருக்கும். பெர்லிட்டா வருடா வருடம் கிறிஸ்துமசுக்கு அனுப்புவாள்.

"நல்லதுதான. ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"ஒரு சாக்லேட்டு இல்ல. ஒரு சோப்பு இல்ல. எல்லாம் பழசு." பையைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்தது, வார் அறுந்து தைத்தது. "இது நான் வாங்கிக் குடுத்தது. ஏர்போர்ட்டுக்கு இதப் போட்டுக்கிட்டுத்தான் போனா. பணத்த திருப்புன மாதிரி இதையும் திருப்பிட்டா. எல்லாத்தையும் தொடச்சுத் தூக்கிப் போட்டுட்டா."

இஸ்கோவும் வந்துவிட்டான். மூவரும் செருப்பைப் பார்த்தோம்.

"வேற என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"வாணலி. காப்பி போடுற பாத்திரம். தலையணை உறை. கம்பளிக் கோட்டு. பாதி தீந்த முகக் கிரீம்."

என் கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பைக் கீழே வைத்தேன்.

"முகக் கிரீம் நீ வாங்கிக் குடுத்ததா?"

"நான் எங்க வாங்கினேன். அது அங்கத்தது."

"வாணலி?"

"அதுவும் அங்கத்தது."

"அப்ப அத எதுக்கு உனக்குத் திருப்பணும்?"

அவன் என்னைப் பார்த்தான். இஸ்கோ மெதுவாக, எப்போதும் இல்லாத குரலில் சொன்னான். "அங்கயே இருக்கப் போறவ பாதிக் கிரீமையும் வாணலியையும் கப்பல்ல ஏத்த மாட்டாய்யா. அது இல்லாம அங்க எப்படி இருப்பா?"

நான் விழுங்கி வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். "ஊருக்கே திரும்பறவங்களும் கணக்க மூடுவாங்க மோன். கடைசியா செய்யற வேலை அதுதான்."

ஃபிலெமோன் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தான். செருப்பை மடியில் வைத்துக்கொண்டான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை.

"ஆனா நான் எழுதுனத அவ படிக்கவே இல்லையே அக்கா" என்றான்.

"படிக்காமலேதான் வர்றா."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது டிரைசைக்கிள்காரனை அவன் தெரு வழியாகப் போகச் சொன்னேன். மஞ்சள் வீட்டின் மேல்மாடியில் விளக்கு எரிந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன, அவன் தரையைப் பெருக்குகிற சத்தம் கேட்டது. கீழே வாசல் படியில் அந்தச் செருப்பு இருந்தது. கழுவி வைத்திருந்தான், நுனி வீட்டுக்குள் பார்க்கும்படி. வானம் கறுத்திருந்தது. மழை வரும், உள்ளே எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் போகலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. வண்டியைப் போகச் சொன்னேன்.